பக்ருன்னிசா உடுத்தியதும் லைலா உடுத்தச் சொன்னதும்

ஆஸ்திரேலியாவில் பக்ருன்னிசாவை முதன்முதலாக எரிச்சல்படுத்தியது முன்பின் தெரியாத ஒருவனின் முழங்கால். 1989ஆம் ஆண்டு, ஜூலை மாதம், அங்கே நடுக்குளிர்காலம். லிட்கம் ஸ்டேஷனில் பல் தந்தியடிக்க ரயிலுக்கு நின்றவள், பக்கத்தில் ஒருவன் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக நின்று ஐஸ்கிரீம் தின்பதைப் பார்த்தாள். அவளோ சேலை, சேலைக்கு மேல் கணவரின் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் இழுத்துவிட்ட முக்காடு, கீழே கம்பளிச் சாக்ஸ், சாக்ஸைத் திணித்த வெள்ளை கேன்வாஸ் ஷூ என்று ஒரு மூட்டையாக நின்றாள். காற்று என்னவோ அவளுடைய முக்காட்டைத்தான் பிடித்து இழுத்தது.

"இவனுக்கு ஒடம்புல இருக்குறது தோலா, தகரமா?" என்று கேட்டாள்.

"மெதுவாப் பேசு" என்றார் சிஹாப்தீன்.

சிஹாப்தீன் அவளுடைய கணவர். வெஸ்ட்மீட்டில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சாதுவான மனிதர். எதைச் சொன்னாலும் "அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்பதே அவருடைய பதில். அதைக் கேட்டாலே பக்ருன்னிசாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள இங்கே என்ன இருந்தது? காயல்பட்டினத்திலிருந்து கிளம்பும்போது போட்டிருந்த அதே பேன்ட் சட்டையோடு வந்து இறங்கினார், அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார், வீட்டுக்கு வந்தால் கைலி. ஆண்பிள்ளைகளுக்கு ஊர் மாறினாலும் உடுப்பு மாறுவதில்லை. மாற வேண்டியதெல்லாம் பெண்டுகளின் துணிதான்.

அடுத்த வருஷப் பெருநாள் தொழுகைக்கு, இருப்பதிலேயே நல்ல பச்சைச் சேலையைக் கட்டி, முழுக்கை ரவிக்கை போட்டு, காதோரம் ஒரு முடிகூட வெளியே வராமல் முக்காட்டுக்கு ஊக்குக் குத்திக்கொண்டு பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலுக்குப் போனாள். பெண்கள் பக்கம் முழுக்க லெபனான்காரர்கள், துருக்கிக்காரர்கள். நீள அங்கியும் தலைத்துணியுமாக இருந்தார்கள். தொழுது முடித்து எழுந்ததும் வயதான ஓர் அம்மாள் கண்கலங்க வந்து அவளைக் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். பின்னாலேயே இன்னும் நாலு பேர். பக்ருன்னிசாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊர் விட்டு வந்தாலும் நம் சனம் நம் சனம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

"என்ன கேக்குறாங்க, லைலா?"

ஆறு வயது லைலாதான் வீட்டுக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பாளர். "உம்மா, நீங்க எப்ப முஸ்லிமா ஆனீங்கன்னு கேக்குறாங்க."

"நான் பொறந்தப்ப ஆனேன்னு சொல்லுடி!"

லைலா சொன்னாளோ இல்லையோ, அந்த அம்மாள் இன்னும் உருகிப்போய், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்வது எப்படி என்று படம் போட்டு விளக்கிய ஒரு சின்னப் புத்தகத்தைக் கையில் திணித்தாள். ஊரில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஓதிக்கொடுத்தவள் பக்ருன்னிசா. இவர்கள் பார்த்த படங்களிலெல்லாம் சேலை கட்டியவள் இந்துப் பெண், எனவே சேலையில் வந்து தொழுபவள் புதிதாக மார்க்கத்துக்கு வந்தவள். கணக்கு அவ்வளவுதான். ரயிலில் வீடு திரும்பும் வரையில் அவள் புலம்பியதை சிஹாப்தீன் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

சரி, அங்கேதான் அப்படி என்றால் தமிழர் கூடும் இடத்திலாவது நிம்மதி உண்டா? ஹோம்புஷ் பள்ளிக்கூட மண்டபத்தில் பொங்கல் விழா. கடையில் தமிழ்ப் பேச்சைக் கேட்டு வந்து பழகிய யாழ்ப்பாணத்துக்காரி சிவனேஸ்வரி அழைத்திருந்தாள். பேச்சுவாக்கில் பக்ருன்னிசாவின் பெயரைக் கேட்டவள் கண்ணை அகல விரித்தாள்.

"நீங்கள் முஸ்லிமோ? எனக்குத் தெரியாமப் போச்சே. சீலையெல்லே கட்டியிருக்கிறியள்!"

"சேலை என்ன, உங்களுக்கு மட்டும் எழுதி வச்சிருக்கா?"

சிவனேஸ்வரி கொஞ்சமும் கோபித்துக்கொள்ளவில்லை. "ஓம், நீங்கள் சொல்லுறதும் சரிதான். இந்தாங்கோ அக்கா, வடை எடுங்கோ" என்று தட்டை நீட்டினாள். அன்று தொடங்கிய சிநேகம் இன்று வரைக்கும் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு வடையைத் தின்றுகொண்டே பக்ருன்னிசா மனசுக்குள் கொதித்தாள். ஓர் இடத்தில் சேலை கட்டியதால் முஸ்லிம் இல்லை, இன்னோர் இடத்தில் முஸ்லிம் என்பதால் சேலை ஆச்சரியம். ஒரு துணி ஆறு கெஜம் இருந்துகொண்டு மனுஷியை இந்தப் பாடு படுத்துமா?

இதையெல்லாம்கூட அவள் ஊதித் தள்ளியிருப்பாள். ஊராருடைய பேச்சு அவளுக்குக் கால்தூசு. லைலாவின் புருவம்தான் அவளை ஆட்டிவைத்தது. லைலாவுக்கு ஏதாவது பிடிக்காவிட்டால் வாய் பேசாது, இரண்டு புருவமும் ஒன்றுகூடி நடுவில் ஒரு கோடு விழும். ஒரே பிள்ளை. அந்தக் கோடு விழுந்துவிட்டால் பக்ருன்னிசாவுக்கு அன்றைய பொழுது போச்சு.

நாலாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் அந்தக் கோட்டோடு வந்து சொன்னாள். "உம்மா, நாளையிலேர்ந்து ஸ்கூல் கேட் கிட்ட வராதீங்க. அந்த மரத்துகிட்ட நில்லுங்க. நானே வர்றேன்."

"ஏம்மா?"

"நீங்க கர்ட்டனைச் சுத்திக்கிட்டு வர்றீங்கன்னு எல்லாரும் சிரிக்குறாங்க."

பக்ருன்னிசாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மகள் தன்னோடு சேர்ந்து நடக்க வெட்கப்படுகிறாள் என்பது விளங்கியபோது, கோபம்கூட வரவில்லை, பயம்தான் வந்தது. இப்போதே மரத்தடியில் நிற்கச் சொல்பவள், வளர்ந்தபின் எங்கே நிற்கச் சொல்வாளோ? சிஹாப்தீனிடம் சொன்னாள். "அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்றார் அவர்.

அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டாள். ஆபர்னில் ஒரு கடைக்குப் போய்க் கறுப்புப் பேன்ட் ஒன்று வாங்கினாள். ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பழகினாள். இத்தனை காலமும் சேலைக்குள் ஒன்றாக இருந்த கால்கள் இப்போது தனித்தனியாகத் தெரிந்தன. உட்காரும்போது கொசுவத்தை ஒதுக்கக் கை தானாகப் போனது, அங்கே ஒன்றும் இல்லை. முழங்கால் வரைக்கும் ஒரு நீளச் சட்டை, தலைக்கு ஒரு துணி. கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"டிக்கெட் பரிசோதகர் மாதிரி இருக்கே" என்றார் சிஹாப்தீன். அன்று அவருக்கு இரவுச் சாப்பாடு தாமதமாகத்தான் கிடைத்தது.

ஆனால் மறுநாள் அவள் பள்ளிக்கூட வாசலுக்கே போய் நின்றபோது லைலா மேலும் கீழும் பார்த்தாள், புருவம் விரிந்தது, ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நைஸ், உம்மா." ஒரு பேன்ட்டுக்கு மகள் கிடைப்பாள் என்றால் மலிவுதான் என்று பக்ருன்னிசா மேலும் இரண்டு வாங்கிப் போட்டாள். அதைப் போட்டுக்கொண்டே கார் ஓட்டக் கற்றாள், ஒரு குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில் வேலைக்குப் போனாள். சேலைகள் பெட்டிக்குள் போயின. கல்யாணம் காட்சி என்றால் மட்டும் வெளியே வரும்.

இப்படிப் பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. கால் இரண்டும் தனித்தனியாக இருப்பது அவளுக்கும் பழகிவிட்டது. பல்கலைக்கழகத்துக்குப் போன லைலா ஒரு நாள் கழுத்திலிருந்து கால்வரை மறைக்கும் கறுப்பு அங்கியான அப்பாயாவும், முகத்தை மட்டும் விட்டு இறுக்கிச் சுற்றிய தலைத்துணியுமாக வீட்டுக்கு வந்தாள். பெற்றவளுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிள்ளை தானாகவே மார்க்கப்பற்றோடு வளர்கிறதே என்று அல்ஹம்துலில்லாஹ் சொல்லித் தேநீர் போட்டுக் கொடுத்தாள். தேநீரைக் குடித்து முடித்த லைலாவின் நெற்றியில் அந்தக் கோடு விழுந்தது.

"உம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? நீங்க பேன்ட் போடாதீங்க. ஷேப் தெரியுது."

பக்ருன்னிசா கையிலிருந்த கரண்டியை மேசைமேல் வைத்தாள். "யாருக்காகடி நான் இந்தப் பேன்ட்டைப் போட்டேன்?"

"அப்ப நான் சின்னப் புள்ள, உம்மா."

"சரி. நாளையிலேர்ந்து சேலை கட்டுதேன்."

"சேலைல இடுப்பு தெரியும்."

"என் இடுப்பை எவன்டி பார்த்தான்? எங்க ஊரே சேலை கட்டிக்கிட்டுத்தான் அஞ்சு வேளையும் தொழுதுச்சு. அங்கெல்லாம் யாருக்கும் தெரியாத இடுப்பு உனக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

"அது கல்ச்சர், உம்மா. இது தீன், மார்க்கம்."

பக்ருன்னிசாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இந்தப் பிள்ளைக்காகச் சேலையை விட்டுப் பேன்ட்டுக்கு வந்தால், பிள்ளை பேன்ட்டை விட்டு அப்பாயாவுக்குப் போய்விட்டது. இவள் எங்கே ஓடிப்போய்ப் பிடிப்பது? கடைக்குப் போகும்போது இரண்டடி முன்னால் போகத் தொடங்கினாள் லைலா. வேண்டுமென்றேதான் போகிறாளா என்று கேட்க பக்ருன்னிசாவுக்குத் தைரியம் வரவில்லை. ஓர் அப்பாயா வாங்கிக்கொண்டாள்.

2006இல் லைலாவுக்குச் சம்பந்தம் வந்தது. கூடப் படித்த பையன், என்ஜினியர், லெபனான் குடும்பம். நல்ல மனிதர்கள். பேசி முடிக்க வந்தபோது பையனின் தாய் சமீரா, அவளுடைய தங்கைகள், பெண்மக்கள் என்று ஒரு டஜன் பேர் கறுப்பு அப்பாயாவில் வந்து முன்னறையை நிறைத்தார்கள். எதிரே ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். புழுக்கத்தில் இனிப்புக்கு வைத்த வட்டிலப்பம்கூட இளகிப்போனது, ஆனால் ஒருத்தியாவது ஒரு பொத்தானைத் தளர்த்தவில்லை. இவர்கள் இதிலேயேதான் தூங்கி எழும்புவார்கள் போலிருக்கிறது என்று பக்ருன்னிசா முடிவு கட்டினாள்.

கல்யாணம் பிப்ரவரியில். மகளுடைய கல்யாணத்தன்று கட்டுவதற்கென்று, தம்பியை விட்டுக் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு காஞ்சிப் பட்டு எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாள். வந்த அன்று அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் எந்த நாளுக்கு எப்படிப் போனாலும், இந்த ஒரு நாள் மகளுக்குப் பக்கத்தில் தன் துணியில், தானாக நிற்க வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

லைலா பட்டைப் பார்த்தாள். கோடு விழுந்தது.

"ப்ளீஸ், உம்மா. அப்பாயா போட்டுக்கிட்டு வாங்க. அவங்க சைடுல எல்லாரும் அப்பாயாதான். நீங்க மட்டும் இதுல வந்தா வாசல்ல எல்லாரும் உங்களையே பார்ப்பாங்க."

"பார்க்கட்டும். பொண்ணைப் பெத்தவளைப் பார்க்காம வேற யாரைப் பார்ப்பாங்க?"

"உம்மா! ஒரே ஒரு நாள். எனக்காக."

எனக்காக என்று சொல்லிவிட்டாளே. பக்ருன்னிசா பட்டை மடித்துப் பெட்டியில் வைத்துப் படார் என்று மூடினாள். அந்தச் சத்தம் லைலாவுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் மூடினாள்.

கல்யாண நாள் அனலாகக் கொதித்தது. லைலா காலையிலேயே அலங்காரத்துக்குத் தோழிகளோடு போய்விட்டாள். பிற்பகலில் புறப்படும் நேரம் பக்ருன்னிசா அலமாரியைத் திறந்து நின்றாள். மேலே கறுப்பு அங்கி, உள்ளே என்ன இருந்தால் எவளுக்கு என்ன? பட்டுக் கட்டினாலும் தெரியாது, சாக்கைக் கட்டினாலும் தெரியாது. கைக்கு அகப்பட்ட ஒரு நைட்டியை மாட்டினாள். நாத்தனார் ஊரிலிருந்து அனுப்பிய புது நைட்டி, இளநீலப் பருத்தி, மார்பில் வெள்ளைப் பூவேலை. அதற்கு மேல் அப்பாயாவைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள்.

"பட்டு என்னாச்சு?" என்று கேட்டார் சிஹாப்தீன்.

"உங்க மகள்ட்ட கேளுங்க."

மண்டபத்தில் ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம். பெண்கள் கூடத்தில் பரிமாறுவதிலிருந்து படம் பிடிப்பது வரைக்கும் எல்லாரும் பெண்களே. விருந்தாளிகள் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் திரையையும் இழுத்துவிட்டார்கள். அடுத்த நிமிஷம் அந்தக் கூடத்தில் இருந்த கறுப்பெல்லாம் கழன்று விழுந்தது. அத்தனை பெண்களும் அப்பாயாவைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார்கள். உள்ளே சிவப்பு, தங்கம், மயில்நீலம், கையில்லாத கவுன், முதுகில்லாத கவுன், சுருட்டிவிட்ட கூந்தல், முழங்கை வரைக்கும் வளையல். சம்பந்தி சமீரா தேன் நிறச் சாயமடித்த தலையும், தோள் இரண்டும் பளபளக்கும் சிவப்பு கவுனுமாக எதிரே வந்தபோது பக்ருன்னிசாவுக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இதே வழக்கம்தானே காயல்பட்டினத்திலும்! தெருவில் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு போவதும், கல்யாண வீட்டுக்குள் பெண்கள் மட்டும் என்றானதும் அதை உருவிப் போட்டுப் பட்டும் நகையுமாக உட்காருவதும் அவள் சின்ன வயதிலிருந்து செய்துவந்த காரியம். ஆத்திரத்தில் அது புத்தியில் தட்டாமல் போயிற்றே. இங்கிருந்தவர்களையும் தன்னைப் போல மனுஷிகள் என்று நினைக்கத் தோன்றவில்லையே.

சிவனேஸ்வரி அரக்கு நிறப் பட்டில் வந்திருந்தாள். அவளைச் சுற்றி ஒரே கூட்டம். லெபனான் பெண்கள் சேலையின் கரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், மடிப்பை எப்படி வைப்பது என்று கேட்டார்கள். அதைப் பார்க்கப் பார்க்க பக்ருன்னிசாவின் வயிறு எரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிவனேஸ்வரி வந்தாள்.

"என்ன அக்கா, இன்னும் அதைக் கழட்டேல்லையோ? வேர்த்து ஒழுகுது."

"உள்ள நைட்டி."

"என்ர கடவுளே!" சிவனேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிநேகிதியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "நான் கெதியாக் காரில போய்ச் சீலையை எடுத்துக்கொண்டு வாறன். வீட்டுச் சாவியைத் தாங்கோ."

அதற்குள் மேளம் முழங்கி மணப்பெண் வந்துவிட்டாள். வெள்ளை கவுன், வெற்றுக் கைகள், தோளில் மினுக்கம், உயர்த்திக் கட்டிய கூந்தலில் கல் பதித்த சீப்பு. மகளின் அழகைப் பார்த்துக் கண் நிறைந்த அதே நொடியில் பக்ருன்னிசாவுக்குப் பற்றியும் எரிந்தது. சேலையில் இடுப்பு தெரியும் என்று சொன்ன வாய்தானே இது!

லைலா மேடையில் உட்கார்ந்ததும் படம் பிடிக்கும் பெண் மணப்பெண்ணின் தாயை அழைத்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கூடத்திலேயே கறுப்பில் நின்றவள் அவள் ஒருத்திதான். சமீரா சிரித்துக்கொண்டே வந்து, கழற்று, கழற்று என்று கழுத்துப் பொத்தானில் கை வைத்தாள். பக்ருன்னிசா இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். சமீரா கூச்சம் என்று நினைத்து இன்னும் இழுத்தாள்.

அந்த இழுபறியில் பக்ருன்னிசாவின் பொறுமை போய்விட்டது. இதைக் கட்டாதே, அதைப் போடு, அதைப் போடாதே, இதைப் போர்த்து, இப்போது போர்த்தியதையும் கழற்று. போதும். இவர்களுக்கெல்லாம் பயந்து எத்தனை வருஷம்? சமீராவின் கையை விலக்கி, தானே பொத்தான்களைக் கழற்றி, அப்பாயாவை உருவிப் பக்கத்து நாற்காலியில் வீசினாள். வியர்த்து ஒட்டிய முடியோடு, இளநீல நைட்டியில், அத்தனை பேர் நடுவில் நிமிர்ந்து நின்றாள்.

சமீரா மார்பில் கை வைத்து, "வாவ்!" என்றாள். பக்கத்திலிருந்தவள் பூவேலையைத் தடவிப் பார்த்தாள். அசல் பருத்தியா, கைவேலையா, எவ்வளவு எளிமை, எவ்வளவு அழகு, இந்த வெயிலுக்கு எவ்வளவு பொருத்தம் என்று ஆளாளுக்குப் பேசினார்கள்.

"எங்கை வாங்கின உடுப்பெண்டு கேக்கினம், அக்கா" என்று சிவனேஸ்வரி தேவையில்லாமல் மொழிபெயர்த்தாள். சிரிப்பை அடக்கி அடக்கி அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பக்ருன்னிசா அவர்களை விலக்கினாள். மேடையைப் பார்த்தாள். ஊரை ஏமாற்றலாம், நைட்டி என்றால் என்ன என்று லைலாவுக்குத் தெரியும். மகள் நெற்றியில் கோடு விழுவதற்காகக் காத்துக்கொண்டே படி ஏறினாள். இன்று அது விழுந்தால் கொடுக்க வேண்டிய பதிலைத் தயாராக வைத்திருந்தாள்.

"உம்மா" என்றாள் லைலா மெதுவாக. "நைட்டியா?"

"ஆமா, நைட்டிதான். நீதானே சேலை வேணாம்னு சொன்னே?"

"வெளியதான் அப்பாயா. உள்ள சேலை கட்டிட்டு வருவீங்கன்னு நெனச்சேன். எல்லாரும் அப்படித்தானே?"

"நீ சொன்னியா?"

லைலா இருக்கையிலிருந்து எழுந்தாள். தாயின் முகத்தை, கசங்கிய கழுத்துப்பட்டியை, வீட்டுச் செருப்பு மாட்டிய காலைப் பார்த்தாள். "நான் உங்கள்ட்ட சொல்லவே இல்ல" என்றாள். "உங்களுக்கு எது புடிக்கும்னு கேட்கவும் இல்ல, இல்லையா?" கோடு விழவில்லை. சிரிப்பு மாதிரி தொடங்கி அழுகையாகிவிட்டது. காலையிலிருந்து வரைந்த கண்மை கன்னத்தில் இறங்கியது. வெற்றுக் கைகளால் பக்ருன்னிசாவைச் சேர்த்து அணைத்து, தன் வெள்ளை கவுனில் அவளுடைய வியர்வை ஒட்டுவதைப் பற்றிக் கவலைப்படாமல், கூடத்தைப் பார்த்து உரத்த குரலில், "திஸ் இஸ் மை மம்!" என்றாள். பெண்கள் குலவையிட்டார்கள்.

பக்ருன்னிசாவுக்கு மனசு குளிர்ந்துபோயிருக்க வேண்டும். அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்ததென்னவோ அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகத்தான்.

"இத்தனை வருஷமா எங்கடி போயிருந்தே?" என்று கத்தினாள்.

அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்துவிட்டார்கள். வேறு நல்ல படங்களும் இருக்கின்றன, பக்ருன்னிசா வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் படங்கள். லைலா தன் படுக்கையறைச் சுவரில் மாட்டியிருப்பது இதைத்தான். அதில் நைட்டி போட்ட பெண் ஏசிக்கொண்டிருக்கிறாள், மணப்பெண் அவளை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.